காலில் தேங்கிய ரத்தம்

என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பல வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தார். அப்புறம் அதே கடையில் நின்று வேலை பார்த்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் மகளின் கல்யாணம் வந்து மாட்டிக்கொண்டது. அறுபதுகளின் நடுவில் நடந்த விஷயம். இன்றைக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். பெரும்பாலும் நான்தான்.

பழைய ஜவுளிக்கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடை பூராவும் மெத்தை போட்டு வெள்ளை விரித்திருக்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள். விற்கிறவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை உதறுவார். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே உயரம். மச்சான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைப் பின்னால் நீட்டி, திரும்பிப் பார்க்காமல், கேட்ட நிறத்தை அடுக்கிலிருந்து உருவிவிடுவார்.

ஒரு தடவை முதலாளி மெட்ராஸ் போய்விட்டு வந்தார். மெத்தை போயிற்று. கண்ணாடி கவுண்ட்டர் வந்தது, டியூப் லைட் வந்தது, வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலி வந்தது. கவுண்ட்டருக்கு உள்பக்கம் இருந்தவர்களுக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது: கடை காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது, அடுக்கில் சாயவும் கூடாது. "மெட்ராஸ்ல எல்லாம் நின்னுக்கிட்டேதான்யா விக்கிறான்" என்றாராம் முதலாளி, கல்லாவில் உட்கார்ந்தபடி.

நான் அப்போது அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்து, துடிக்கிற இதயத்தைப் பையன்களுக்குக் காட்டி "பாத்தீங்களா?" என்று கேட்பது என் உத்தியோகம். அவர்கள் "பாத்தோம் சார்" என்பார்கள். அத்துடன் எங்கள் உறவு முடிந்தது. மனிதர்கள் மேல் வைக்க வேண்டிய ஆசையை எல்லாம் நான் அப்போது ரத்தக்குழாய்கள் மேல் வைத்திருந்தேன்.

மச்சான் வேலை முடிந்து வந்து காலை நீட்டினால் கணுக்கால் இட்லி மாதிரி இருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழும், அது மேலே எழும்ப நேரமாகும். அக்கா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். நான் பாடம் எடுப்பேன்.

"நிக்கும்போது ரத்தம் பூரா காலுக்கு இறங்குது மச்சான். இதயம் கீழே தள்ளிடும், மேலே இழுக்க அதால முடியாது. மேலே ஏத்துறது கெண்டைக்கால் சதைதான். நடந்தா அந்தச் சதை குழாயை அமுக்கும், ரத்தம் மேலே போகும். திரும்பக் கீழே வழியாம இருக்க குழாய்க்குள்ளே சின்னச் சின்னக் கதவு இருக்கு. நடக்காம அசையாம நின்னா யாரு ஏத்துறது?"

"அப்ப என்னா செய்யணும், புரொபசர்?" என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். டெமான்ஸ்ட்ரேட்டர் என்பது வாயில் நுழையவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

"உக்காரணும். இல்லன்னா நடக்கணும்."

"நாளைக்குக் கடைக்கு வந்து இதை முதலாளிகிட்ட சொல்லு. கதவு, ஜன்னல் எல்லாம் விளக்கமா சொல்லு. அடுத்த நாள்லேருந்து நான் நல்லா நடக்கலாம், வேலை தேடிக்கிட்டு."

அக்கா மகள் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், நல்ல இடம் அமைந்திருந்தது. பையன் பினாங்கில் தாய்மாமன் கடையில் இருந்தான், லீவில் வந்திருந்தான். பெருநாள் கழித்து நிக்காஹ், அதன் பிறகு கப்பல் என்று பேச்சு முடிந்திருந்தது. அவள் பக்கத்துத் தெருவில் மலேயாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வீட்டுப் பெண்களிடம் போய் மலாய் கற்றுக்கொண்டு வந்தாள். அரிசி களையும்போது ஸாத்து, டுவா, தீகா என்று படி எண்ணுவாள். என் புத்தகங்களில் இருந்த உலகப் படத்தில் பினாங்கை விரலால் தொட்டுத் தொட்டு அந்த இடமே அழுக்காகிவிட்டது.

அந்த வருஷம் நோன்பும் ஆருத்ரா தரிசனமும் பொங்கலும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. கீரப்பாளையம், புவனகிரிப் பக்கத்து ஜனமெல்லாம் சிதம்பரத்தில். கடையில் நிற்க இடமில்லை, ஆனால் மச்சான் நின்றார். விடியுமுன் சாப்பிட்ட சஹரோடு சரி, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பிற்பகல், கீரப்பாளையத்துக் குடும்பம் ஒன்றுக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார். முகம் வெளுத்தது, வேர்த்தது, ஆள் சாய்ந்தார்.

எனக்கு ஆள் அனுப்பி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உடம்பில் இருக்கிற குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இருக்கிற ரத்தம் போதாது. முனிசிபாலிட்டி தண்ணீர் மாதிரி, ஒரு தெருவுக்கு விட்டால் இன்னொரு தெருவுக்கு இறுக்க வேண்டும். கழுத்தில் பெரிய குழாய் பிரிகிற இடத்தில் ஒரு காவல் இருக்கிறது. நாம் எழுந்து நின்ற மாத்திரத்தில் அழுத்தம் குறைவதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, காலிலும் வயிற்றிலும் குழாய்களை இறுக்கி, தலைக்குப் போக வேண்டியதைப் போக வைக்கிறது. வாழ்நாள் பூராவும் இந்த வேலை நடக்கிறது, ஒருவரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. உடம்பில் தண்ணீர் வற்றி, அசையாமல் வெகுநேரம் நின்று, ரத்தம் காலிலேயே தேங்கிவிட்டால் மட்டும் அந்தக் காவலுக்குக் கணக்குத் தப்பிப்போகிறது. பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம் திடீரென்று விட்டுவிடுகிறது. இதயம் மெதுவாகிறது, குழாய்கள் தளர்கின்றன, ஆள் விழுகிறான். விழுந்தால் நல்லது. தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் தலையும் காலும் ஒரே மட்டம். ரத்தம் தானாகத் தலைக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மச்சானை விழ விடவில்லை.

"கீழ விழாம புடிச்சிட்டோம் சார்" என்று கடை ஆட்கள் பெருமையோடு சொன்னார்கள். வயசில் மூத்தவர், மரியாதைப்பட்ட மனுஷன், பொம்பளைங்க முன்னால் தரையில் காலை நீட்டிக் கிடக்கலாமா? இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முதலாளியின் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். தலை தொங்கியிருக்கிறது. ஒருவன் தாடையைப் பிடித்துத் தலையையும் நிமிர்த்தியிருக்கிறான். கவுண்ட்டர் வந்த பிறகு மச்சான் அந்தக் கடையில் உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான். உட்காரவே கூடாத நேரம் அது. தலைக்கு ரத்தம் வரவில்லை. மூளைக்கு ரத்தம் வராவிட்டால் கை கால் வெட்டி இழுக்கும், யாருக்கானாலும் இழுக்கும். மச்சானுக்கும் இழுத்தது.

அவ்வளவுதான். "வலிப்பு, வலிப்பு" என்று யாரோ கத்த, முதலாளி கல்லாவின் சாவிக்கொத்தை எடுத்து மச்சான் கையில் திணித்திருக்கிறார். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுப்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். அதற்குள் ஒருவன் கோலி சோடா உடைத்து வாயில் ஊற்றியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து மச்சானுக்கு நினைவு வந்திருக்கிறது. நினைவு வந்த மனுஷருக்கு முதலில் நினைவு வந்தது நோன்பு. சோடா தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாதே என்று அப்படியே வெளியே தள்ளியிருக்கிறார்.

வாயில் நுரை. கையில் இரும்பு. காலில் இழுப்பு. கீரப்பாளையத்து அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"வலிப்பு உண்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பாய்" என்றார் முதலாளி, மனத்தாங்கலோடு.

"அது வலிப்பு இல்ல" என்றேன் நான்.

"நுரையை நாங்க பாத்தோம். நீங்க இப்பதானே வரீங்க?"

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், கண்ணைக் கீழே இழுத்தார். "ஒண்ணும் இல்ல. நோன்போட நின்னுருக்காரு, மயக்கம். கீழ போட்டிருந்தா அவரே எழுந்து போயிருப்பாரு" என்றார். வலிப்பு இல்லை என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

நாங்கள் சீட்டோடு வீடு வந்து சேர்வதற்குள் சேதி பஸ் ஏறிக் கடலூர் போய்விட்டது. சம்பந்தம் பேசி முடித்த புரோக்கர் மறுநாளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "அவுங்க ஒண்ணும் சொல்லல. விசாரிச்சிட்டு வரச் சொன்னாங்க. அவ்ளோதான்." அரிசி களைகிற சத்தம் உள்ளே நின்றுபோயிற்று.

"நீ படிச்சவன். நீ போய்ச் சொல்லுடா" என்றாள் அக்கா.

நான் போனேன். படித்தவனை அனுப்பியது முதல் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஓ.டி.யில் மாப்பிள்ளையின் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, மண்டி இருந்தது. வீட்டில் உட்கார வைத்தார், மரியாதையாகத்தான் பேசினார். மாப்பிள்ளைப் பையன் ஒரு ஓரமாகப் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தான். திரைக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா இருந்தது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

டாக்டர் சீட்டை நீட்டினேன். அத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லாத ஆளுக்கு டாக்டர் எதுக்குங்க எழுதித் தரணும்? எனக்கெல்லாம் யாரும் எழுதித் தரலியே."

அப்போதே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு வகுப்பறை திறந்துகொண்டது. கழுத்துக் காவல், கெண்டைக்கால், கதவு, முனிசிபாலிட்டித் தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. அவர் தாடியைத் தடவியபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அப்ப, மூளைக்கு ரத்தம் போவல."

"கொஞ்ச நேரம்தான். அதுவும் நிமிர்த்தி வெச்சதால—"

"போவல இல்ல?"

"போகல."

"கால்லயே நின்னுடுச்சி."

"ஆமா. ஆனா அது எல்லாருக்கும் நடக்கலாம்."

"எங்க வூட்ல யாருக்கும் நடந்ததில்லீங்களே. நானுந்தான் நோன்பு வெக்கிறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கேளுங்க, இந்த ரத்தம் போவாத கோளாறு பொண்ணுக்கும் உண்டான்னு கேளுங்க."

"கோளாறே இல்லீங்கம்மா. உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கிற ஏற்பாடு அது."

"சரிபண்ணிக்கிச்சுன்னா முன்னாடி சரியில்லாமதானே இருந்துச்சு?"

வலிப்பா என்று ஒரு சந்தேகத்தோடு இருந்தவர்களை மூளை, இதயம், கழுத்து, கால் என்று நான்கு சந்தேகத்தோடு விட்டுவிட்டு எழுந்தேன். பையன் பேப்பரின் அதே பக்கத்தில்தான் இருந்தான். அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்கிற வளர்ப்பு இல்லை.

ஆனால் அத்தா நல்ல மனுஷர். வாசல் வரைக்கும் வந்து ஒரு வழி சொன்னார். "பெருநாள் தொழுகைக்கு அவரை இங்க வரச் சொல்லுங்க. எங்களோட ஒரே வரிசையில நிக்கட்டும். ஜமாஅத்தே பாக்கட்டும். அப்புறம் எவன் வாய் தொறப்பான்? இன்ஷா அல்லாஹ், நிக்காஹ்வை முடிச்சிடலாம்."

சேதி கேட்டு அக்கா அழுதாள், நல்ல அழுகை. மகள் மறுபடி அரிசி களைந்தாள். மச்சான் மட்டும் பயந்தார். "அங்க நிக்கும்போது மயக்கம் வந்துட்டா?"

பெருநாளன்று நோன்பு கிடையாது. காலையில் வயிறு நிறையத் தண்ணீரும் சேமியாவும் உள்ளே போயிருக்கும். அவர் விழ வழியே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்தவனால் அதைச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடிகிறதா?

"ரொம்ப நேரம் நிக்க வேண்டி வந்தா கெண்டைக்கால் சதையை இறுக்கி இறுக்கி விடுங்க மச்சான். கால் விரலை மடக்கி மடக்கி விரிங்க. ரத்தம் மேலே ஏறிடும்."

நோன்பு முடிகிற வரைக்கும் அவர் அதைக் கவுண்ட்டருக்குப் பின்னால் பழகினார். வீக்கம் குறைந்தது. "புரொபசரு சொன்னது வேலை செய்யுதுடி" என்று அக்காவிடம் சொன்னார். அந்த வீட்டில் எனக்கு மரியாதை இருந்த நாட்கள் அவை.

பெருநாள் காலை கடலூரில் திடலில் பாய் விரித்து வரிசை கட்டினார்கள். தோளோடு தோள், காலோடு கால். மச்சானுக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அத்தா, அந்தப் பக்கம் அவர் தம்பி. நான் பின் வரிசையில். வரிசை நின்றுவிட்டது, ஜமாஅத் தலைவர் வரவில்லை. அவர் வராமல் தொழுகை தொடங்கினால் அடுத்த பெருநாள் வரைக்கும் பஞ்சாயத்து நடக்கும் என்பதால் எல்லோரும் நின்றார்கள். வெயில் ஏறியது. முன்னால் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

மச்சானின் கைலிக்குள் கெண்டைக்கால் சதை உருண்டது. தளர்ந்தது. மறுபடி உருண்டது. கால் விரல்கள் மடங்கிப் பாயைப் பிறாண்டின, விரிந்தன, மடங்கின. சொல்லிக்கொடுத்தபடி, ஒரு தப்பில்லாமல். நான் பின்னாலிருந்து பெருமையோடு பார்த்தேன். அத்தாவின் பாதம் மச்சான் பாதத்தை ஒட்டி இருந்தது. அவர் ஒரு தடவை கீழே குனிந்து பார்த்தார். அப்புறம் நேராகப் பார்த்துக்கொண்டார். அவர் பாதம் ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று.

தலைவர் வந்தார். தொழுகையில் வீணாக அசையக் கூடாது என்பதால் மச்சான் கம்பம் நட்ட மாதிரி நின்றார், குனிந்தார், எழுந்தார். ஒரு சின்ன ஆட்டம் இல்லை. முடிந்ததும் எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அத்தா மச்சானையும் தழுவி, முதுகில் தட்டி, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் சிரித்துக்கொண்டே வந்தார். "கொஞ்சங்கூடத் தலை சுத்தல, பாத்தியா?"

அந்த வாரமே புரோக்கர் வந்தார். மாப்பிள்ளைக்கு லீவு முடிந்துவிட்டதாம், கப்பலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதாம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாமாம். தெருமுனை வரைக்கும் அவரோடு நடந்து போய், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்றது தம்பி? வரிசையில நிக்கும்போதே கால் வெட்டி வெட்டி இழுத்துச்சாமே. பக்கத்துல நின்னவருக்குத் தெரியாதா? விரலெல்லாம் முறுக்கிக்கிச்சாம். தொழுகை முடியிற வரைக்கும் எப்பிடியோ அடக்கிட்டு நின்னாராம் பாவம், அதுக்கே மாப்பிள்ளையோட அத்தா கண் கலங்கிட்டாரு."

வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டினேன். கடலூருக்குப் போய், அது வலிப்பு இல்லை, கெண்டைக்கால் சதையின் வேலை என்று விளக்கிவிட்டு வருகிறேன் என்றேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"நீ விளக்குன வரைக்கும் போதும்டா. மிச்சத்தைப் போய்த் தவளைக்குச் சொல்லு."

மச்சான் அதற்கப்புறம் என்னைப் புரொபசர் என்று கூப்பிடவில்லை, எப்படியும் கூப்பிடவில்லை. கடைக்குப் போனார், நின்றார். காலை ஆட்டுவதை மட்டும் விட்டுவிட்டார், பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களே என்று. வீக்கம் பழையபடி வந்தது.

சிதம்பரத்திலும் கடலூரிலும் அதன் பிறகு அவள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் திட்டக்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. மனைவி மவுத்தாகி இரண்டாம் தாரம் தேடிய ஆள், ஒரு குழந்தை, கொஞ்சம் நிலம். பெண்ணின் அத்தாவைப் பற்றி அவர்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஏன் விசாரிக்கவில்லை என்று நாங்களும் விசாரிக்கவில்லை.

நிக்காஹ் முடிந்து அவளை அனுப்பும்போது சாமான்களை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"மாமா, நீங்க அடிக்கடி வாங்க" என்றாள். "ஆனா அங்க வந்து யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லாதீங்க."

போகிறேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போவேன். அவளுடைய மாமியாரோடு உட்கார்ந்து, இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிவிட்டு வருவேன்.